சுவரில் எழுதிய எண்

டெஹ்ரான்
மெஹர் 10, 1391

எல்லையே இல்லாத எல்லையில் நிற்கும் அண்ணன் கஸ்ராவுக்கு,

உன் தங்கை ஷூகாவின் சலாம். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு நுழைவுத்தேர்வு வலி, மற்றபடி சுகம். நீ எப்படி இருக்கிறாய்? மொட்டைத் தலைக்குத் தொப்பியாவது கொடுத்தார்களா? போனில் பேசினால் தளபதி பக்கத்தில் நின்று கேட்கிறார். கிடைக்கிற மூன்று நிமிடத்தையும் அம்மா அழுதே தீர்த்துவிடுகிறாள். அதனால் இனி கடிதம்தான். தளபதி இதையும் படிப்பார் என்றால் அவருக்கும் சலாம்.

ஒரு கணினி விளையாட்டுப் பத்திரிகை நம் 'காற்றாடி' நிறுவனத்துக்கு இரங்கல் குறிப்புப் போட்டிருக்கிறது. 'இரு நண்பர்கள் நவீன அலுவலகம் ஒன்றில் தொடங்கிய நிறுவனம்' என்கிறான் எழுதியவன். நவீன அலுவலகமாம்! நம் கட்டிடத்தின் கார் நிறுத்துமிடம். மேல்மாடி ஹாஜி காரை எடுக்கும்போதெல்லாம் நீயும் ரூஸ்பே அண்ணனும் மேசையைக் கணினியோடு தூக்கி ஓரம் கட்டுவீர்கள். முதல் விளையாட்டு எண்ணூறு குறுந்தட்டு விற்றதையும், அதில் நூறை நம் மாமாவே வாங்கினார் என்பதையும் அவன் எழுதவில்லை. எட்டு வருஷத்தில் இருபத்திரண்டு பேர், மூன்றாம் மாடி, 'சந்துபொந்து' விளையாட்டு நாற்பதாயிரம் தட்டு என்று வளர்ந்ததைச் சரியாக எழுதியிருக்கிறான்.

கடைசிப் பத்தியில் நம் சாவு. 'அனுமதி முத்திரை விழுந்த பிரதியில் மாற்றம் செய்ததற்காக உரிமம் ரத்து.' மாறியது ஒரே ஒரு படம் அண்ணா! விளையாட்டில் மோட்டார் சைக்கிள்காரன் பார்சலோடு பறக்கிற சந்துச் சுவரில், ஊரெல்லாம் இருக்கிற அதே விளம்பரம்: கழிவுத்தொட்டி காலி செய்யப்படும், இரவும் பகலும். அதன் கீழே நாம் போட்டிருந்த பொய்யான போன் எண் போய், தணிக்கை அதிகாரி சலாஹ்ஷூரின் வீட்டு எண் வந்துவிட்டது. யார் வேலையோ. நாற்பதாயிரம் வீட்டுப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அவர் மகளைப் பெண் கேட்கப் போனில் கூப்பிட்டவர்களையும் அவர் மனைவி, "உங்க தொட்டிய நீங்களே அள்ளுங்கடா!" என்று வைதிருக்கிறாள். சம்பந்தம் முறிந்ததாம்.

நீ 'நான்தான்' என்று கையெழுத்துப் போட்டாய். உரிமம் போன ஏழாம் நாள், அதைக் காட்டி வாங்கிய உன் கட்டாயப் படைச்சேவை விலக்கும் போனது. உரிமமும் போய் உரிமையும் போய், எங்களுக்கு உறுமல்தான் மிச்சம்.

நீ பூட்டிவிட்டுப் போன வட்டு என் அலமாரியில் பத்திரம். மற்றதையெல்லாம் அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டதால் மொத்த நிரலும் அது ஒன்றில்தான் இருக்கிறது. ரூஸ்பே அண்ணன் கடவுச்சொல் கேட்கிறார். எழுது.

உன் வாலு,
ஷூகா


ஏழாம் காவல் கோபுரம்
மெஹர் 27

அன்பு வாலுக்கு,

நான் நலம். தொப்பி கொடுத்தார்கள், இரண்டு அளவு பெரியது. அம்மாவைப் படி ஏறவிடாதே.

இங்கே எட்டுப் பேர் இருக்கிறோம். ஒரு கிணறு, எதிரே மலை. மலைக்குப் பின்னால் எதையும் வரையாமல் விட்டுவிட்டது போல இருக்கிறது, நம் முதல் விளையாட்டில் விட்ட மாதிரி. இரவில் அந்தப் பக்கமிருந்து கடத்தல்காரர்கள் வருவதாகச் சொல்கிறார்கள். என்னோடு காவல் நிற்பவன் தூர்முஹம்மது, காஷ் ஊரைச் சேர்ந்த பலூச்சி. முதல் நாளே விசாரித்தான்.

"வெளிய என்ன வேலை பார்த்தீங்க?"

"விளையாட்டு செஞ்சேன்."

"அதுக்குக் காசு தருவாங்களா?"

"தந்தாங்க."

"அப்புறம் எதுக்குய்யா இங்க வந்தீங்க?"

தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வட்டு உன்னிடமே இருக்கட்டும். யாருக்கும் கொடுக்காதே. ரூஸ்பேயைப் பற்றி நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம். படி.

அன்புடன்,
கஸ்ரா


டெஹ்ரான்
ஆபான் 12

பெரிய தொப்பிக்காரருக்கு,

சலாம். தொப்பிக்குள் பழைய செய்தித்தாளை மடித்து வை, சரியாகிவிடும். அம்மா படி ஏறுவதை நிறுத்தச் சொன்னாய், நிறுத்திவிட்டாள். இப்போது என்னை ஏற்றுகிறாள், ஒரு நாளைக்குப் பதினாலு தடவை.

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நல்ல செய்தி இது.

நேற்று ரூஸ்பே அண்ணனும் நானும் சலாஹ்ஷூரைப் பார்க்கப் போனோம். நினைவிருக்கிறதா, 'சந்துபொந்து'க்கு நாற்பத்திரண்டு திருத்தம் சொன்னவர்? நாயைப் பூனையாக்கு, முக்காட்டை இரண்டு விரல் இறக்கு, சுவர் அழுக்காக இருக்கிறது, வெள்ளையடி. என் சுவர்களை மூன்று முறை திரும்ப வரைய வைத்தார். தணிக்கைக்காரருக்குத் தணியாத கை. ஆனால் நேற்று தேநீர் கொடுத்தார்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லப்பா," என்றார். "திருத்தின பிரதிய தேய் மாசக் கடைசிக்குள்ள, ரெண்டரை மாசம் இருக்கு, கொண்டாங்க. முத்திரை போடுறேன். முத்திரை விழுந்தா உங்காளோட விலக்குப் பேப்பரும் தன்னால உயிர் பிடிக்கும். பையன் வீட்டுக்கு வந்துருவான்."

அப்புறம் என்னைப் பார்த்தார். "சுவரெல்லாம் நீ வரைஞ்சதா பாப்பா? நல்லா இருக்கு. அழுக்குதான் ஜாஸ்தி."

தேநீரை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். 

ஆக, கடவுச்சொல் வந்தால் வட்டு திறக்கும், வட்டு திறந்தால் பிரதி தயார், பிரதி போனால் நீ வந்துவிடுவாய். இவ்வளவுதான். ரூஸ்பே அண்ணன் தெருவில் நடந்துகொண்டே கேட்டார், "நாலு கடிதம் போட்டுட்டேன் ஷூகா, ஒண்ணுக்காவது பதில் போட்டானா பாரு. அவன் சிரிச்சே நான் பார்த்ததில்ல. அவன் போய் இந்தக் குறும்பு பண்ணினான்னா நம்பவே முடியல. ஆனா கையெழுத்துப் போட்டுட்டானே!"

ஏன் அண்ணா அவருக்கு எழுதவில்லை?

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுச்சொல், கடவுச்சொல், கடவுச்சொல்.

ஷூகா


ஏழாம் காவல் கோபுரம்
ஆஸர் 1

அன்பு ஷூகா,

நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது.

உனக்குச் சொல்லக் கூடாது என்றிருந்தேன். நீ விடமாட்டாய் போலிருக்கிறது, சொல்கிறேன்.

முத்திரை விழுந்த பிறகு படங்களைத் தொடுவதற்கு இரண்டு பேரிடம்தான் சாவி இருந்தது, என்னிடமும் ரூஸ்பேயிடமும். பதிவேட்டைப் பார்த்தேன். அந்தச் சுவர் மாறியது ரூஸ்பேயின் கணினியிலிருந்து. "ஒரு பேர் சொல்லு, இல்லன்னா இருபத்திரண்டு பேரும் கறுப்புப் பட்டியல்" என்றார் சலாஹ்ஷூர். ரூஸ்பேயின் மனைவிக்கு நிறைமாதம். நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து வாசலில் ரூஸ்பேயோடு நின்றேன். ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "ஏன்டா இப்படிப் பண்ணின?" என்று என்னையே கேட்டான் ஷூகா. முகத்தில் ஒன்றும் இல்லை.

அவன் தப்புக்காக நான் இங்கே இருப்பது பரவாயில்லை. அந்த நடிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் கடிதங்களைப் பிரிக்கவில்லை. கடவுச்சொல்லும் தரமாட்டேன். இரண்டு வருஷம் முடித்துவிட்டு நானே வந்து திறக்கிறேன்.

அம்மாவுக்குச் சொல்லாதே.

கஸ்ரா


டெஹ்ரான்
ஆஸர் 28

அன்பு அண்ணாவுக்கு,

சலாம். உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. மாதிரித்தேர்வு, சளி, அப்புறம் பேனா தொலைந்தது. மூன்றும் பொய் இல்லை, ஆனால் காரணமும் இல்லை.

நீ எழுதிய விஷயம்: ரூஸ்பே அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும்.

நீண்ட இரவுப் பண்டிகை யல்தாவுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, ஆனால் அதற்கு வாங்கிய தர்பூசணியை இப்போதே வெட்டிவிட்டோம். உள்ளே வெள்ளையாக இருந்தது. சலாஹ்ஷூர் திருத்தம் சொல்லியிருப்பார் போல என்றேன், அம்மாகூடச் சிரித்தாள். உன் பங்கை வெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் நானே தின்றுவிட்டேன்.

முப்பத்திரண்டு நாள்தான் இருக்கிறது. ரூஸ்பே அண்ணனுக்காக வேண்டாம், எனக்காக எழுது. நான் கேட்டு நீ எதை இல்லையென்றிருக்கிறாய்? அடுத்த கடிதத்தில் எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன். இப்போது தபால்காரர் வந்துவிடுவார்.

கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன்.

ஷூகா


டெஹ்ரான்
தேய் 25

அண்ணா,

சலாம். சாக்ஸ் வந்ததா? கடிதம் வந்ததா? போனும் இல்லை. உங்கள் பக்கம் எல்லையில் துப்பாக்கிச் சண்டை என்று டிவியில் ஒரு வரி ஓடியது. கோபுரத்தின் எண் சொல்லவில்லை. அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

இன்னும் ஐந்து நாள். ரூஸ்பே அண்ணன் தினமும் வந்து கதவைத் தட்டி, "வந்துச்சா?" என்கிறார். இல்லை என்றதும் கதவிடமே "சரி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஒரு வரி எழுது. கடவுச்சொல் வேண்டாம். வெறும் வரி போதும்.

ஷூகா


ஜாஹிதான்
பஹ்மன் 9

அன்புச் சகோதரி ஷூகாவுக்கு,

நான் மிகவும் நலம். அம்மாவின் நலனுக்குப் பிரார்த்திக்கிறேன். பனியில் தபால் வண்டி நின்றுவிட்டதால் கடிதம் போட முடியவில்லை. இப்போது என்னை ஜாஹிதான் நகரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சுலபமான வேலை. சாப்பாடு நன்றாக இருக்கிறது. சாக்ஸ் வந்தது. கவலைப்பட ஒன்றும் இல்லை.

போனில் பேச முடியாது. கடிதம் எழுது.

கஸ்ரா


டெஹ்ரான்
பஹ்மன் 20

அன்புச் சகோதரர் கஸ்ரா அவர்களுக்கு,

'அன்புச் சகோதரி'யா? யாரய்யா நீர்? வாலு எங்கே போனாள்? எழுத்தெல்லாம் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிற மாதிரி தள்ளித் தள்ளி நிற்கின்றன. சுலப வேலை என்றால் சொந்தக் கையெழுத்துகூட மறந்துபோகுமா? அம்மா கடிதத்தை முகத்தில் வைத்து அழுதுவிட்டு, "எழுத்து எவ்வளவு அழகா மாறிடுச்சு பாரு" என்றாள். 

தேய் முடிந்துவிட்டது. ரூஸ்பே அண்ணன் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஷாம்பூ குப்பிப் படத்துக்கு ஒளி பூசுகிற வேலையில் சேர்ந்துவிட்டார்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன், புதிதாக வரைந்த சுவர். அதில் வேண்டுமென்றே ஒரு பெரிய தப்புச் செய்திருக்கிறேன். நீ பார்த்த மாத்திரத்தில் என் காதைத் திருகியிருப்பாய். என்ன தப்பு என்று எழுது. அது மட்டும் எழுதினால் போதும்.

ஷூகா


ஜாஹிதான் ராணுவ மருத்துவமனை
எஸ்ஃபந்த் 2

மதிப்புக்குரிய சகோதரிக்கு,

சலாம். தாங்களும் தாயாரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். என் பெயர் தூர்முஹம்மது. போன கடிதத்தை எழுதியவன் நான்தான். சொன்னவர் உங்கள் அண்ணன். இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

தேய் ஆறாம் தேதி விடியற்காலை கோபுரத்தின் மேல் குண்டு விழுந்தது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். எனக்குக் கால் உடைந்தது. உங்கள் அண்ணனுக்கு உயிர் இருக்கிறது, கை கால் இருக்கிறது. இரண்டு கண்ணும் போய்விட்டன. பார்வை இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு எழுதக் கூடாது என்று உங்கள் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

உங்கள் படத்தை அவர் மடியில் வைத்தேன். "என்ன இருக்கு, சொல்லு" என்றார். "சுவர் இருக்குங்க, ஒரு கதவு இருக்கு, சைக்கிள் ஒண்ணு சாஞ்சிருக்கு" என்றேன். "தப்பு என்ன?" என்றார். நான் நாள் முழுக்கப் பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் அவர், "விடு, நல்லா இருக்குன்னு எழுதிடு" என்றார்.

அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னியுங்கள்.

தூர்முஹம்மது


டெஹ்ரான்
எஸ்ஃபந்த் 8

தூர்முஹம்மது அண்ணனுக்கு,

சலாம். உங்கள் கால் தேறட்டும். உங்களை நான் மன்னிக்க எதுவும் இல்லை. சத்தியத்தை மீறிவிட்டீர்கள் என்று அவன் திட்டினால், உங்கள் தங்கைதான் மீற வைத்தாள் என்று சொல்லுங்கள். ஒரு உதவி வேண்டும். இனி வருவதை அவனிடம் வாசித்துக் காட்டுங்கள். பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லாத நேரமாகப் பாருங்கள். நான் அழுதேன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

அண்ணா,

அந்த எண்ணை எழுதியது நான்.

சுவரின் மூலையில் ஒரு கீறல் இருக்கிறது, சரிசெய் என்று ரூஸ்பே அண்ணன் தன் கணினியைத் திறந்து கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். சலாஹ்ஷூரின் வீட்டு எண் உன் பலகையில் எழுதியிருந்தது. என் சுவர்களை மூன்று முறை அழிக்க வைத்தவர். எட்டு இலக்கம், ஒரு நிமிட வேலை. எழுதிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ரூஸ்பே அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் உன்னிடம் கேட்டது நடிப்பு இல்லை. நீதான் செய்தாய் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ கையெழுத்துப் போட்டபோது, நான் என்று தெரிந்துதான் போட்டாய் என நினைத்தேன். தெரிந்தவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று சும்மா இருந்தேன். ஆஸர் மாதத்தில் உன் கடிதத்தைப் படித்ததும் உனக்குத் தெரியாது என்று புரிந்தது. அன்றைக்கே எழுதியிருக்கலாம். நாலு முறை எழுதிக் கிழித்தேன். பதினெட்டு நாள். பிறகு தர்பூசணியைப் பற்றி எழுதினேன்.

அன்றைக்கே எழுதியிருந்தால் கடவுச்சொல் வந்திருக்கும், பிரதி போயிருக்கும், தேய் ஆறாம் தேதி நீ எங்கே இருந்திருப்பாய் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒருவேளை அப்போதும் கோபுரத்தில்தான் இருந்திருப்பாய். ஒருவேளை இல்லை. இந்த ஒருவேளையோடுதான் இனி இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு உன் கண்ணைப் பற்றி இன்று சொன்னேன். மற்றதையும் சொன்னேன்.  இரவுச் சாப்பாட்டை மட்டும் என் அறை வாசலில் வைத்திருந்தாள்.

படத்தில் சைக்கிளின் நிழல் ஒரு பக்கமும் கதவின் நிழல் மறு பக்கமும் விழுகின்றன. அதுதான் தப்பு.

ஷூகா


ஜாஹிதான்
எஸ்ஃபந்த் 19

ஷூகாவுக்கு,

கஸ்ரா சொல்ல, தூர்முஹம்மது எழுதுகிறேன். சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார்.

உடம்பு பரவாயில்லை. கடிதத்தை இரண்டு முறை வாசிக்கக் கேட்டேன்.  நேற்று ரூஸ்பேயின் நான்கு கடிதங்களையும் பிரித்து வாசிக்கச் சொன்னேன்.

உன்மேல் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும்போது சொல்கிறேன்.

கடவுச்சொல் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. தூர்முஹம்மதுவுக்கு ஆங்கில எழுத்து வராது. அவன் உள்ளங்கையில் நான் விரலால் வரைந்தேன், அவன் அதைப் பார்த்து வரைந்திருக்கிறான். பதினாறு எழுத்து. ரூஸ்பேயிடம் முதலில் நீ வாயால் சொல்ல வேண்டும், முழுதாக, நேருக்கு நேராக. சொன்ன பிறகு தாளைக் கொடு.

புது வருஷம் பிறந்ததும், ஃபர்வர்தின் பதினைந்தாம் தேதி என்னை அனுப்புகிறார்கள். தூர்முஹம்மது கூட வருகிறான்.

கஸ்ரா


டெஹ்ரான்
எஸ்ஃபந்த் 26

அண்ணனுக்கு,

சலாம். வீட்டில் உடம்புக்கு எல்லோரும் சுகம்தான்.

ரூஸ்பே அண்ணனின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"யார் மெஷின்லேருந்து?" என்றார்.

"உங்களோடது. சாப்பிடப் போயிருந்தீங்க."

"அப்ப இத்தன நாளா அவன் நான்தான்னு..."

"ஆமா."

தட்டுவதை நிறுத்திவிட்டார். குழந்தை முனகியது. "நாலாவது கடிதத்துல இவளுக்கு என்ன பேர் வெச்சோம்னு எழுதியிருந்தேன்டி. எழுதிட்டு, இதுக்காவது ஒரு வரி போடுவான்னு உக்காந்திருந்தேன்."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஒரு எழுத்து 'எல்'லா, ஒன்று என்ற எண்ணா என்று தெரியவில்லை. இரண்டாவது முயற்சியில் திறந்தது. எல்லாம் அப்படியே இருக்கிறது, நாற்பத்தோராயிரம் கோப்பு. ஷாம்பூ கம்பெனி முடிந்ததும் மாலையில் வந்து வேலை செய்கிறார். சுவர்களை நான் சரிசெய்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்க்கிறார், இடையில் எழுந்து போவதில்லை. புது வருஷத்தில் புது மனு வாங்குவதாக சலாஹ்ஷூர் சொல்லியிருக்கிறார். முத்திரை விழலாம். விழுந்தாலும் உன் விலக்குப் பேப்பருக்கு இனி வேலை இல்லை. ராணுவமே உனக்கு விலக்கு அட்டை கொடுத்துவிட்டது.

பதினாறாம் தேதி காலை தெற்கு பஸ் நிலையத்தில் ஜாஹிதான் வண்டி நிற்கும் இடத்தில் நிற்பேன். அம்மாவும் ரூஸ்பே அண்ணனும் வருகிறார்கள். அவர்கள் உன்னைத் தொட்டுப் பேசிவிடுவார்கள். நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். நான் வாயைத் திறக்காவிட்டால் நான் வந்ததே உனக்குத் தெரியாது. அதனால் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், ஒரே ஒரு முறை. பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் நடந்துகொண்டே இரு. உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன்.

ஷூகா